கோல் போடாதவர் கணக்கு

ஒரு கேள்வி. கோல் விழாமல் தடுப்பதற்கென்றே நிறுத்தி வைத்திருக்கும் கோல்கீப்பரால், தன் அணி போடுகிற கோல்களைக் கூட்ட முடியுமா? ‘அதெப்படி சார், அவர் இந்தக் கோடியில், கோல் விழுவது அந்தக் கோடியில்’ என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் சொல்வது நம்ம ஊர் புல்தரை ஹாக்கி இல்லை. கனடாக்காரர்கள் உயிரை விடும் ஐஸ் ஹாக்கி. பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடுவது. பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற ரப்பர் வில்லை. பக்கத்துக்கு ஆறு பேர். அதில் ஒருவர் காலில் மெத்தை மெத்தையாகக் கட்டிக்கொண்டு ஆறடிக்கு நாலடி வலையை மறைத்து நிற்பார்.

1983-84 சீசனில் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி 80 ஆட்டங்களில் 446 கோல் போட்டது. வட அமெரிக்க என்.ஹெச்.எல். லீகில் இன்றுவரை அதுதான் சாதனை. வேய்ன் கிரெட்ஸ்கி மட்டும் 87. அவர் மேதை, விடுங்கள். எனக்கு ஆச்சரியம் பால் காஃபிதான். தடுப்பாட்டக்காரர்; 40 கோல்! காவலுக்கு வைத்த ஆள் எதிராளி வாசல் வரைக்கும் போய் வந்திருக்கிறார். என்ன தைரியம்? பின்னால் கிரான்ட் ஃபூர் நிற்கிறார் என்கிற தைரியம்தான்.

ஐஸ் ஹாக்கியில் கோலுக்குப் பக்கைத் தள்ளிக் கொடுத்தவருக்கும் புள்ளி உண்டு. ஃபூருக்கு அந்த சீசனில் அப்படிக் கிடைத்தது 14. ஆனால் கொடுத்த தைரியத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

கிடையாதா? உண்டு, தலைகீழாக. காஃபி முன்னேறிப் போய் அடித்தால் கோல் காஃபி பெயரில். அவர் திரும்பி வருவதற்குள் எதிரணிக்காரன் தனியாக ஓடிவந்து அடித்துவிட்டால், விட்ட கோல் ஃபூர் பெயரில். ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட நாலு கோல் விட்டார் என்று எழுதியிருக்கிறது. வெறும் காகிதத்தைப் பார்த்தால் ‘சுமார்’ என்று தள்ளிவிடுவீர்கள். அந்த வருஷம் ஸ்டான்லி கோப்பை ஆயிலர்ஸுக்கு. 2003-ல் ஃபூருக்கு ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம்.

மறுப்பவர்களும் சும்மா இல்லை. ஆயிலர்ஸில் ஆண்டி மூக் என்று இன்னொரு கீப்பரும் மாறி மாறி நின்றார். அவர் நின்றபோதும்தானே அடித்தார்கள் என்கிறார்கள். நியாயம்தான். இன்னொன்று: முன்னிலையில் இருக்கும் அணி அடங்கி ஆடும். ஆக, நல்ல கீப்பர் அணியின் கோலைக் குறைக்கவும் செய்யலாம். 1998 நகானோ ஒலிம்பிக்ஸ் இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவுக்கு எதிராக செக் அணி போட்டது ஒரே ஒரு கோல். வலையில் டொமினிக் ஹாஷெக். ஒன்று போதுமானதாக இருந்தது.

சரி, எண்ணாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்க முடியாத கடன், கடனே இல்லை என்று ஆகிவிடுமா? உங்களுக்குத் தெரிந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற அண்ணன் ஒருத்தர் இருப்பதால்தான் தம்பி வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குகிறார். ஜெயித்தால் தம்பி சாமர்த்தியசாலி. கவிழ்ந்தால் அண்ணனின் பி.எஃப். பணம். இதில் அண்ணன் தொழிலுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஐஸ் ஹாக்கியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோல் பின்தங்கி, ஆட்டம் முடிய ஓரிரு நிமிஷம் இருக்கும்போது பயிற்சியாளர் கீப்பரை வெளியே கூப்பிட்டுவிடுவார். அவருக்குப் பதில் அடிப்பதற்கு ஆறாவது ஆள். வலை காலி. அத்தனை மெத்தைகளோடும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஆள் இல்லாத தன் வலையையும் எதிராளியின் வலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.