சும்மா கொடுத்தவரிடம் என்ன கேட்பது?

போன மழைக்காலத்தில், கடலூர் முதுநகரில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு நான் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள் திடீரென்று விழ ஆரம்பித்தது. எல்லா பில்லுக்கும் இல்லை. கடலூர் பில்கள் ஒழுங்காக வந்தன, சிதம்பரத்துக்குப் போகிறவை மட்டும் பிடிஎஃப் ஆகும்போது கிராஷ். ஊருக்கும் கோடிங்குக்கும் என்ன பகை? வாடிக்கையாளர் பட்டியலைப் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போனேன். கடைசியில் மிஞ்சியது ஒரே எழுத்து: 'ஸ்ரீ'. சிதம்பரத்தில் ஸ்ரீ இல்லாத கடைப்பெயர் அபூர்வம்தானே!

கணினிக்கு அது ஒரே எழுத்து இல்லை, ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என நான்கு. அவற்றைச் சேர்த்து ஒரே உருவமாக வரைய வேண்டும். அந்த வேலையைச் செய்யும் யாரோ ஒருவரின் லைப்ரரி, புதிய பதிப்பில் எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டிருந்தது. (2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களையே விழவைத்தது. நம் மொழிகளை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை என்பது தனிக் கதை.) பழைய பதிப்புக்குத் திரும்பியதும் சரியாகிவிட்டது.

கடைக்காரர்தான் விடவில்லை. "யாரு தம்பி அந்த ஆளு? நாலு வார்த்தை கேக்கணும்."

"அவரு சும்மா குடுத்ததுண்ணே. காசு வாங்கல."

"சும்மா குடுத்தா கெட்டதக் குடுக்கலாமா?"

சட்டத்தின் பதில் சுலபம். திறமூல உரிமங்களில் பெரும்பாலானவை 'உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை' என்று கை கழுவிவிடும். ஆனால் அண்ணன் கேட்டது சட்டத்தை அல்ல.

எங்கள் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே போடும் சோற்றில் கல் கிடந்தால் இலவசம்தானே என்று யாரும் சொல்லமாட்டார்கள். தானத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அண்ணன் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் அங்கே உட்காருகிறவர் பசித்தவர். அதே சோற்றை அண்டாவில் அள்ளிப்போய்க் கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டுக் காசு வாங்குகிறவர், கல் கிடந்தது என்று வடலூர் சமையல்காரரிடம் சண்டைக்குப் போக முடியுமா? மண்டபக்காரர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதச் சந்தா வாங்குகிறவன் நான். அண்ணன் கேட்க வேண்டிய நாலு வார்த்தையும் எனக்குரியவைதான்.

அப்படியானால் கொடுத்தவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? 2022 ஜனவரியில் மராக் ஸ்கொயர்ஸ் என்பவர், வாரத்துக்கு இரண்டு கோடி முறைக்குமேல் தரவிறக்கப்பட்ட தன் 'கலர்ஸ்' லைப்ரரிக்குள் முடிவில்லாத ஒரு சுழலை வேண்டுமென்றே வைத்தார். பெருநிறுவனங்களுக்கு இனி ஓசியில் உழைக்கமாட்டேன் என்று அதற்கு ஓராண்டுக்கு முன்பே அவர் எழுதியிருந்தார். கோபம் நியாயமானது. ஆனால் பெருநிறுவனத்தில் பதிப்பைப் பூட்டிவைக்கவும் ராத்திரியில் எழுந்து பார்க்கவும் ஆள் இருக்கிறது. முதுநகர் கடைக்கு இல்லை. அவர் எறிந்த கல் பெரிய இலையில் மட்டும் விழவில்லை. கை தவறி விழுந்த கல்லும் கை நிறைய அள்ளிப்போட்ட கல்லும் ஒன்றல்ல.

நிறுத்திக்கொள்வது வேறு. 2016 மார்ச்சில் அசெர் கோச்சுலு, ஒரு பெயர்த் தகராறில் என்பிஎம் நிறுவனம் தன் பக்கம் நிற்கவில்லை என்று, தன் லைப்ரரிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். அதில் 'லெஃப்ட்-பேட்' வெறும் 11 வரி. அது போனதும் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான புராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. அவரைத் திட்டாதவர் குறைவு. நான் அவர் பக்கம்தான். அவர் விஷம் வைக்கவில்லை, அடுப்பை அணைத்தார், அவ்வளவுதான். என்பிஎம் இரண்டு மணி நேரம்போல் பார்த்துவிட்டு, அவரைக் கேட்காமலே அந்த 11 வரியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. பிறகு விதியையும் மாற்றினார்கள். இன்று உங்கள் லைப்ரரியை அங்கே வேறொன்று சார்ந்திருந்தால், அதை நீங்களாக நீக்க முடியாது.