உண்மையே முதல் தூண்

திருச்சபை 1968 முதல் சனவரி முதல் நாளை உலக அமைதி நாளாகக் கொண்டாடி வருகிறது. போரும் அமைதியும் பற்றி நம் பகுதிக் கல்லூரிகளிலும் பேராசிரியர்கள் சிறப்புரை ஆற்றுவதுண்டு. இரோசிமாவின் அழிவைச் சொன்னால் அரங்கம் உருகுகிறது; பகைவனின் கொடுமையைச் சொன்னால் கரவொலி எழுகிறது. நம்மவர் இழைத்த குற்றத்தைச் சொன்னால் என்ன நிகழும்? சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் அங்கேதான் சோதனை தொடங்குகிறது.

அச்சோதனையை எதிர்கொண்டவர் பேராசிரியை ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்கியோருள் ஒருவர். இலங்கைப் படை, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய மூன்று தரப்பின் அத்துமீறல்களையும் அவர் ஒரே அளவுகோலால் அளந்தார். 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

போர் நடக்கையில் சொந்த மக்களின் தவறைச் சொல்வது பகைவனுக்கு ஆயுதம் தருவதாகாதா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. 1995 சூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய துயரைச் சுமக்கும் மக்களிடம், 'உங்கள் தரப்பும் தவறியது' என்று சொல்வது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம்.

ஆயினும் விவிலியம் காட்டும் வழி வேறு. அம்மோனியரோடு போர் மூண்டிருந்த காலத்திலேயே இறைவாக்கினர் நாத்தான் தாவீதின் முன் நின்று, உரியாவின் கொலைப்பழியை அவர்மீது சுமத்தினார். முற்றுகை முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அதனால் அம்மோனியர் நல்லவராகிவிடவும் இல்லை. இரு தரப்பின் குற்றங்களையும் சொல்வது வேறு, இரண்டும் சமம் என்பது வேறு. பெருங்குற்றம் பெருங்குற்றமாகவே நிற்கும். ஆனால் அதன் நிழலில் சிறுகுற்றம் மறைந்துகொள்ளலாகாது. கொல்லப்பட்டவரின் உயிருக்குத் தரப்பு ஏது?

திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடல், அமைதியைத் தாங்கும் தூண்களாக உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் ஆகிய நான்கினைக் கூறுகிறது. உண்மை அங்கே முதலில் நிற்பது பொருள் பொதிந்தது. தன் குற்றத்தை மறைப்பவன் பிறனிடம் நீதி கேட்கும்போது, அக்குரல் வலுவிழந்து போகிறது.

இது கடல்கடந்த செய்தி மட்டுமன்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுப் பூசல் முற்றியபோது, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் உழைத்த நம் மக்கள் தாக்குண்டு திரும்பினர். அதை நாம் உரக்கச் சொன்னோம், சொல்ல வேண்டியதே. இப்பக்கத்தில் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன. அதை எத்தனை மேடைகள் சொல்லின? தண்ணீரில் நமக்குள்ள உரிமை நியாயமானதே; ஒரு கடைக்காரரின் கதவை உடைத்ததால் அந்த நியாயம் ஓர் அணுவும் கூடவில்லை.

ஆகவே அமைதியைப் பற்றிப் பேச வருவோரிடம் நம் இளைஞர்கள் ஒன்றைக் கேட்கட்டும்: 'எங்கள் தரப்பின் தவறு எது?' அவ்வினாவைக் கரவொலியின்றிக் கேட்கும் பொறுமை நம் இல்லங்களிலும் பங்குகளிலும் வளருமானால், அமைதிக்கான முதல் தூண் நம்மிடையே ஊன்றப்பட்டுவிடும்.