பட்டம் பெறும்வரை பொறுப்பு

 

பத்ரு யுத்தத்தில் மக்கத்துக் குறைஷிகள் பலர் கைதிகளாகப் பிடிபட்டனர். மீட்புப் பணம் கொடுக்க வகையற்றவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வழி வைத்தார்கள். ஆளுக்குப் பத்து மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்பதே அது. பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்த அன்றே கைதிக்கு விடுதலை கிடைத்துவிடவில்லை. அவர்கள் நன்றாகக் கற்றுத் தேர்ந்த பிறகே கிடைத்தது என்று சரித்திரத்தில் வந்திருக்கிறது. சேர்ந்த கணக்கு வேறு, தேறிய கணக்கு வேறு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 1960களில் மலாயா சர்வகலாசாலையில் எஞ்சினியரிங், வைத்தியம், விஞ்ஞானம் ஆகியவற்றில் பட்டம் பெற்ற மலாய் மாணாக்கர் மிகச் சொற்பம். 1969 மே கலவரத்துக்குப் பின், 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. சேர்க்கையில் இனவாரியாக இடம் ஒதுக்கினார்கள். 2002இல் தகுதி முறை என்று மாற்றினார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக வாசலைப் பற்றியே எல்லா இனத்தாரும் பேசி வருகிறோம். உள்ளே போன பிள்ளை எப்படி வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

இங்கிலாந்தில் அதையும் எண்ணிப் பார்த்தார்கள். 2017-18ஆம் கல்வியாண்டில் முதல் வகுப்பிலோ மேல் இரண்டாம் வகுப்பிலோ பட்டம் பெற்றவர்களை எடுத்துக்கொண்டால், வெள்ளையருக்கும் மற்ற இனத்தாருக்கும் நூற்றுக்கு 13 பேர் வித்தியாசம் இருந்தது. சேரும்போது ஒரே மார்க் வாங்கியிருந்தவர்களுக்குள்ளும் இந்த வித்தியாசம் தெரிந்தது! ஆகையால், "எங்கள் ஆட்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்வது கள்ளப் படிக்கல்லால் நிறுப்பதற்குச் சமம். கிங்ஸ்டன் சர்வகலாசாலையார் ஒவ்வொரு பாடமாகக் கணக்கெடுத்து, குறையைப் பிள்ளைகள் தலையில் போடாமல், கற்பிக்கும் முறையைத் திருத்தினார்கள். நிர்வாக சபையே அதற்குப் பொறுப்பேற்றது. இடைவெளியும் குறைந்தது.

வியாபாரிகளாகிய நமக்கு இது புரியாததல்ல. சரக்கு வந்து இறங்கியதை லாபமென்று யாரும் எழுதமாட்டோம். பி.டி.பி.டி.என். கடன் வாங்கிச் சேர்ந்த பிள்ளை பாதியில் நின்றால், பட்டம் இல்லை; கடன் மட்டும் பேரேட்டில் நிற்கும்.

அளவில் மோசம் செய்வோரை அல்லாஹ் கடுமையாக எச்சரிக்கிறான். தங்களுக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களே அவர்கள். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில், "கல்லாவில் ஆளில்லை, வா" என்று மகனைக் கூப்பிடுகிறோமே, அவனுடைய படிப்பு நேரத்தை நாம் எந்தப் படியால் அளக்கிறோம்? நம் மகனுக்கு டியூஷன் வைத்துவிட்டு, நம் கடையில் கோப்பை கழுவுகிறவரின் மகளை மறந்துவிடுகிறோமே, அது எந்தத் தராசு?

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். உபகாரச் சம்பளம் கொடுக்கும் அன்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாமல், ஒவ்வொரு பருவ முடிவிலும் அந்தப் பிள்ளையை அழைத்து விசாரிப்போம். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் முடித்தார்கள், எந்த வகுப்பில் முடித்தார்கள், நின்றவர் ஏன் நின்றார் என்பதையும் சங்கப் புத்தகத்தில் எழுதி வைப்போம். பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளையாவது ஏற்று, அவர்கள் தேறும்வரை விடாதிருக்கட்டும். பத்ரில் கற்பித்தவர்கள் மாற்றாராகவே இருந்தார்கள். ஆகையால் சீன ஆசிரியரிடமும் மலாய் ஆசிரியரிடமும் உதவி கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. நம்மிடம் உதவி கேட்டு வரும் பிள்ளை எந்த இனமென்று பார்க்க வேண்டியதுமில்லை.

அந்தக் கைதிகளுக்குக்கூடப் பிள்ளைகள் தேறும்வரை பொறுப்பு இருந்தது. பெற்றவர்களாகிய நமக்கு அதைவிடக் குறைவாகவா இருக்கும்? வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை முடிக்கும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.