மருத்துவர் யாருடைய ஆள்?

கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தவரிடம் வீட்டில் கேட்பது, ‘டாக்டர் என்ன சொன்னாரு?’ வேலை இடத்தில் கேட்பது வேறு: ‘எம்சி கிடைச்சுதா? எத்தனை நாள்?’ இரண்டு கேள்விகளும் ஒரே மருத்துவரைப் பற்றியவைதான். ஆனால் முதல் கேள்வியில் அவர் நோயாளியின் மருத்துவர். இரண்டாவதில் அவர் ஒரு சாட்சி. கம்பெனிக்கு முன்னால் நம் உடம்பைப் பற்றிச் சாட்சி சொல்பவர்.

நம் தாமான் கிளினிக் நல்ல கிளினிக்கா என்று பேசும்போது, எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள், கவுண்டரில் இருப்பவர் சிடுசிடுத்தாரா, மருந்து கேட்டதா என்றுதான் பேசுகிறோம். இவை முக்கியம்தான். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்கவேண்டிய ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த அறைக்குள் மருத்துவர் யாருக்காக உட்கார்ந்திருக்கிறார்?

நம்மவர்களுக்கு இது பழைய கேள்வி. பெரிய ரப்பர் தோட்டங்களில் ஆஸ்பத்திரியை நடத்தியது நிர்வாகம். டிரெஸருக்குச் சம்பளம் கொடுத்ததும் நிர்வாகம். காய்ச்சலோடு வந்து நிற்கும் தொழிலாளிக்கு மாத்திரை கொடுப்பவரும் அவர்தான், இவர் இன்றைக்கு வேலைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்பவரும் அவர்தான். ராத்திரி பகல் பார்க்காமல் லயத்துக்கு வந்து பிரசவம் பார்த்த டிரெஸர்களைப் பற்றி நம் பாட்டிகள் இன்றும் நன்றியோடு பேசுவார்கள். அதே பாட்டிகள்தான், ‘உடம்பு சரியில்லன்னு சொன்னா நம்பமாட்டாங்க’ என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. டிரெஸர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி நிர்வாகத்தினுடையது.

தோட்டம் போய் தொழிற்பேட்டை வந்துவிட்டது. நாற்காலி மாறியதா? 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. இது தொழிலாளியின் உரிமை. ஆனால் யாரிடம் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும்? முதலாளி நியமித்த மருத்துவரிடம். அப்படி ஒருவர் நியமிக்கப்படாவிட்டாலோ, நியாயமான நேரத்துக்குள் தூரத்துக்குள் அவர் கிடைக்காவிட்டாலோதான் வேறு மருத்துவர். உரிமை நம்முடையது, அதைத் திறக்கும் சாவி முதலாளி கைகாட்டும் ஆளிடம். இதைத்தான் நாம் ‘பேனல் கிளினிக்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

பேனல் மருத்துவர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் பக்கக் கணக்கையும் பார்க்கவேண்டும். 2006-இல் வந்த விதிமுறைகள் தனியார் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 வெள்ளிக்குள் வைத்தன. பல வருடங்களுக்கு அது அசையவே இல்லை. வாடகை ஏறியது, தாதியர் சம்பளம் ஏறியது, நாசி லெமாக்கின் விலையும் ஏறியது. நம் நாட்டில் கிளினிக்கிலேயே மருந்தும் கொடுப்பதால், கேட்பதற்குக் கிடைக்காத காசை மருந்தில்தான் எடுக்கவேண்டியிருக்கிறது. பேனல் என்றால் கம்பெனிக்கும் கிளினிக்குக்கும் நடுவில் பெரும்பாலும் இன்னொரு நிறுவனம் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை வந்தால் இவ்வளவுதான் பில் போடலாம் என்று அது வரம்பு வைக்கும். இருபது நிமிடம் கேட்கும் மருத்துவருக்கு நட்டம், மூன்று நிமிடத்தில் நான்கு பொட்டலம் கொடுத்து அனுப்புபவருக்கு லாபம். ஒரு இயந்திரத்தை இப்படி அமைத்துவிட்டு, அதிலிருந்து வேறு விளைவை எதிர்பார்க்கிறோம்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? என்னோடு நைட் ஷிப்ட் பார்த்த டெக்னிஷியன் ஒருவருக்கு மாதக்கணக்கில் தூக்கமில்லை, காரணமில்லாத பயம். பேனல் கிளினிக்கில் அவர் சொன்னது, ‘தலைவலி, டாக்டர்.’ மாத்திரையும் ஒருநாள் எம்சியும் கிடைத்தன. உண்மையைச் சொல்ல அவர் இன்னொரு தாமானில் இருந்த கிளினிக்குக்குச் சொந்தக் காசில் போனார். ஏன் என்று கேட்டேன். ‘இவங்ககிட்ட சொன்னா எச்ஆருக்குப் போயிடுமோன்னு பயம்’ என்றார். அந்தப் பேனல் மருத்துவர் யாரிடமும் எதையும் சொல்லாதவராக இருக்கலாம். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது எந்த மருத்துவருக்கும் கடமைதான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் போதும், நோயாளி பொய் சொல்வார். பொய்யான நோய்க்குச் சரியான மருந்து கிடைக்கும். இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் தலைவலி, காசு கொடுக்கும் இடத்தில் உண்மை. கையில் காசில்லாத நாளில் அவர் எங்கே போவார்?

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவம் என்பது நான்கு பகுதி என்று முடிகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். பில் கட்டுபவர் அந்த நான்கில் இல்லை. இன்று ஐந்தாவதாக அவர் வந்துவிட்டார். அவர் இல்லாமல் முடியாது என்பதும் தெரியும். அவர் காசு கொடுக்கட்டும். ஆனால் அறைக்குள் அவருக்கு நாற்காலி போடலாமா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சும்மா எம்சி வாங்க வருபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். திங்கட்கிழமைக் காலையில் எந்தக் கிளினிக்கிலும் பார்க்கலாம். ஒருவர் பொய்யாக விடுப்பு எடுத்தால் அவர் வேலையையும் சேர்த்துச் செய்பவர் பக்கத்து மெஷினில் நிற்கும் இன்னொரு தொழிலாளி. ஆக, மருத்துவர் நோயாளியின் பக்கம் நிற்பது என்றால் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பது அல்ல. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு அடம்பிடிப்பவரிடம் ‘வேணாம், இது தானா சரியாகும்’ என்று சொல்பவரும் நோயாளியின் பக்கம்தான் நிற்கிறார். அவர் ‘இல்லை’ என்று சொல்வது யார் நன்மைக்காக என்பதுதான் விஷயம். கம்பெனியின் செலவைக் குறைக்கவா, என் உடம்புக்காகவா? நோயாளிக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் புரிந்துவிடுகிறது.

ஜான் பெர்ஜர் 1967-இல் ‘எ ஃபார்ச்சுனேட் மேன்’ என்ற நூலை எழுதினார். படங்கள் ஜான் மோரினுடையவை. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் வேலை செய்த ஒரு பொது மருத்துவரைப் பற்றியது. நோயாளியை நோயாக அல்லாமல் முழு மனிதராக அடையாளம் கண்டுகொள்வதையே பெர்ஜர் அவரிடம் வியக்கிறார். நம் நண்பர்கள் பலருக்கும் பிடித்த புத்தகம் அது. ஆனால் அந்த மருத்துவர் 1982-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். காரணங்களை நாம் எளிதாக முடிவு செய்துவிட முடியாது. இருந்தாலும் அதைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘டாக்டர்னா அப்படித்தான் இருக்கணும்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு பொறியாளராக எனக்குத் தெரிந்தது இதுதான்: இயக்குபவர் மகானாக இருந்தால் மட்டுமே ஓடும் இயந்திரம், மோசமாக வடிவமைக்கப்பட்டது. தியாகம் கேட்கவேண்டியதில்லை. கேட்பதற்கும் காசு உண்டு என்று கட்டணம் சொல்லட்டும். 1 மே 2025 முதல் மருந்து விலைகளைக் காட்டவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. மருந்துக்கு விலை தெரிவது நல்லது, கேட்கும் நேரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று நாம் அதோடு ஒத்துக்கொள்ளவேண்டும். எந்த மருத்துவரிடம் போவது என்பதைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கட்டும், பில்லை மட்டும் முதலாளி கட்டட்டும்.

இவையெல்லாம் மாறும்வரை ஒரு மருத்துவரின் கையில் இருப்பது சிறியதுதான். பேனல் அட்டையோடு வருபவரிடம் ‘எத்தனை நாள் வேணும்?’ என்று கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ‘எத்தனை நாளா இருக்கு?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு என் டெக்னிஷியன் நண்பர் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும் என்றுதான் நினைக்கிறேன்.