கணக்கில் ஏறாத செலவு

கொழும்புத்துறை என்ற பெயரைக் கேட்கும் அயலூரார் அதைத் தலைநகரத்துத் துறைமுகம் என்றே முதலில் எண்ணிவிடுகின்றனர். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியைப் பார்த்துக் கிடக்கும் கரையோரக் குறிச்சி அது என்று நாம் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் பூநகரிக்குத் தோணி புறப்பட்ட துறை அது. 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இருப்புப்பாதை இணைந்த பின்னர் பெருவழி வேறு திசையில் திரும்பிவிட்டது.

வழி எங்கே போகவேண்டும், யாருக்காகப் போகவேண்டும், அதற்கான பணத்தை யார் இறுக்கவேண்டும் என்ற தீர்மானங்கள் இத்தகைய துறைகளில் எடுக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வருகிறது. ஒதுக்கிய தொகையை அமைச்சர் எழுந்து நின்று நியாயப்படுத்துகிறார். தொகை மிகுந்துவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ எதிர்க்கட்சியினர் வாதிடுகின்றனர். இந்த வாதங்களின் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. கணக்கைப் பிழையின்றிக் கூறிவிட்ட அமைச்சர், நீதியையும் கூறிவிட்டவர் ஆவாரா?

1953ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா அவ்வாண்டு ஜூலையில் கொண்டுவந்த திட்டத்தின்படி, கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த மதிய உணவு நின்றது. அமைச்சரின் வாதம் வெறும் பொய்யன்று. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த இறப்பர் விலை வீழ்ந்துவிட்டது. இறக்குமதி அரிசியின் விலையோ உயர்ந்து நின்றது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக் கரைந்துகொண்டிருந்தது. ஏட்டைப் பார்த்தால் எண்கள் அவர் பக்கமே நின்றன.

ஆயினும் ஆகஸ்ட் 12ஆம் திகதி, இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று மக்கள் ஹர்த்தால் செய்தனர். தெற்கிலும் மேற்கிலும் ரயில்கள் நின்றன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் கூடவேண்டியதாயிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். கணக்குத் தெரியாத கூட்டத்தின் ஆத்திரம் என்று இதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மக்களுக்கும் ஒரு கணக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கத்தின் ஏட்டில் அழிக்கப்பட்ட செலவு தங்கள் அடுப்படியில் எழுதப்பட்டதை அவர்கள் கண்டார்கள்.

எமது கருத்து இதுதான். அரசு கைவிடும் செலவு அழிந்துபோவதில்லை. அது இடம் மாறுகிறது. பெரும்பாலும், அதைத் தாங்க இயலாதவர் தலையிலேயே போய் இறங்குகிறது.

கரையோர ஊரில் கடகம் நிறைய மீனோடு சந்தைக்குப் புறப்படும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நட்டம் என்று சொல்லிக் காலைப் பஸ் ஒன்றை நிறுத்திவிட்டால் சபையின் ஏட்டில் எண்ணெய்ச் செலவு குறையும். அவளோ நடக்கிறாள். அவள் போய்ச் சேரும்போது வெயில் ஏறி மீன் வாடிவிடுகிறது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். அந்தக் குறைந்த விலை எந்த அமைச்சின் அறிக்கையிலும் வருவதில்லை. மருந்தெடுக்கப் போகாமல் வீட்டில் கிடந்த முதியவரின் நோயும், தூரத்தைச் சொல்லி மறிக்கப்பட்ட பிள்ளையின் படிப்பும் அங்ஙனமே ஏடேறாது போகின்றன.

1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தபோது, இந்த உண்மையை அரசு ஓரளவு ஒப்புக்கொண்டது. ஆள் நிறையும் தெருவில் வரும் இலாபம், ஆள் குறைந்த தெருவின் நட்டத்தைத் தாங்கவேண்டும் என்பதே பொதுச் சேவையின் நியாயம். ஆயின் நட்டம் எல்லாம் ஒரே வகையினதன்று. ஒதுக்குப்புறத்து ஊருக்கு அதிகாலையில் பஸ் விடுவதால் வரும் நட்டம் ஒன்று. கட்சிக்காரருக்கு வேலை கொடுத்தும், உதிரிப்பாகம் களவு போகவிட்டும், பழுதான வண்டியைத் திருத்தாது போட்டும் வரும் நட்டம் இன்னொன்று. முன்னது சமூகம் மனமறிந்து ஏற்கும் கடமை. பின்னது மக்களிடம் அடித்த கொள்ளை. அமைச்சர் முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கிறார். அவரை எதிர்ப்பவர் பின்னதைக் காட்டி முன்னதையும் ஒழிக்கச் சொல்கிறார். இரண்டையும் பிரித்துக் கேட்பவரை நாம் அரிதாகவே காண்கிறோம்.

போக்குவரத்தே இல்லாது போனால் அதன் விலை என்ன என்பதை எமது குடாநாடு அறியும். 1990இல் நின்ற ரயில் 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இடையில், தரைவழி அடைபட்டுக் கிடந்த காலத்தில், சனங்கள் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தனர். கடக்க முடியாமல் அந்த நீரிலேயே இறந்தவர்களும் உளர். எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அந்தப் பயணத்துக்கு ஒரு சதமும் எழுதப்படவில்லை. அதன் செலவு முழுவதையும் பயணம் செய்தவர்களே கொடுத்தனர்.

அப்படியானால் கேட்பதையெல்லாம் அரசு கொடுக்கவேண்டுமா என்று வாசகர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. கடன் வாங்கிச் செலவிடுவதும் செலவை இடம் மாற்றும் இன்னொரு முறையே. இம்முறை அது நாளைய பிள்ளைகளின் தலையில் ஏறுகிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென இலங்கை அறிவித்தது. அம்மாதம் 27 ரூபாவாயிருந்த மிகக் குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவாயிற்று. வாங்கிய கடனில் பங்கெதுவும் காணாதவர் அதன் தவணையைப் பஸ் வாசற்படியில் நின்று கட்டினர்.

பிறரைக் கேட்குமுன் எம்மையும் கேட்டுக்கொள்வது முறை. 1953இன் அந்த அமைச்சரவையில் யாழ்ப்பாணத்துப் பிரதிநிதி ஜீ. ஜீ. பொன்னம்பலமும் கைத்தொழில், மீன்பிடி அமைச்சராக வீற்றிருந்தார். எம்மவர் ஒருவர் மந்திரியாவது ஏழையின் கணக்கு ஏடேறப் போதுமானதாக இருக்கவில்லை. அதற்கும் முன்னர், இதே குடாநாட்டின் பஸ்களில், ஒரே கட்டணம் கொடுத்தும் சாதியின் பெயரால் ஆசனம் மறுக்கப்பட்டுத் தரையில் இருத்தப்பட்ட மனிதர் இருந்தனர். அந்தக் கட்டளையை இட்டது பாராளுமன்றமன்று, நாமே. தெற்கின் நெடுஞ்சாலைக்குப் போன பணத்தை எண்ணிப் பார்க்கும் நாம், எமது ஊரின் கடைசி ஒழுங்கைக்குப் பஸ் போகிறதா என்று எண்ணிப் பார்த்தோமா?

எனவே அமைச்சர் தமது ஒதுக்கீட்டை நியாயப்படுத்தும்போது, எவ்வளவு என்று மட்டும் கேட்டு அமைந்துவிடலாகாது. நீங்கள் கொடாது விட்டதை இனி யார் கொடுப்பார், நீங்கள் கடன்பட்டுக் கொடுத்ததை யார் இறுப்பார், அவர்களைக் கேட்டீர்களா என்றும் கேட்கவேண்டும். ஏடு சரியாயிருப்பது அமைச்சரின் முதற் கடமை. ஏட்டுக்கு வெளியே நிற்பவரை அறிந்திருப்பது அடுத்த கடமை. அதைச் செய்யாத அமைச்சர் தம் வேலையில் பாதியையே முடித்தவராவார். மற்றப் பாதியை நினைவூட்டுவது எமது வேலை. கடகத்தோடு தெருவோரம் நிற்கும் பெண்ணுக்குப் பாராளுமன்றத்தில் பேச நேரம் ஒதுக்கப்படுவதில்லை. பஸ் வருமா என்று அவள் கேட்பதற்கேனும் விடை சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.