ஓய்வுநாளும் பந்தாட்டமும்

அமெரிக்காவில் ‘டிராவல் பேஸ்பால்’ என வழங்கும் ஏற்பாடு, சிறுவர்கள் தத்தம் ஊர் மைதானத்தில் கூடி ஆடும் லிட்டில் லீக் முறையிலிருந்து வேறானது. தேர்வு வைத்துப் பொறுக்கப்பட்ட சிறுவர்கள் ஓர் அணியாகி, வார இறுதிகளில் பெற்றோருடன் சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஊர்களுக்குக் காரில் சென்று போட்டிகளில் ஆடுவதே அதன் இயல்பு. பல அணிகள் கோடை முடிவதற்குள்ளாகவே அடுத்த ஆண்டுக்கான தேர்வை நடத்திவிடுவதால், வசந்தத்தில் வரும் ஆட்டப் பருவத்துக்குப் பெற்றோர் ஆயத்தமாவது அரையாண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கட்டணம், மட்டை, கையுறை, விடுதி அறை, அலுவலக விடுப்பு என்று நீளும் இந்த ஆயத்தம் வெறும் வீட்டுக் கணக்காகவே பேசப்பட்டு வந்தாலும், அதனடியில் பழைய சமயக் கேள்வியொன்று கிடக்கிறது: ஒருவருடைய நிகழ்காலத்தை அவருடைய எதிர்காலத்துக்காக எவ்வளவு தூரம் செலவிடலாம், அச்செலவை அவர் சார்பில் இன்னொருவர் முடிவுசெய்யலாமா?

இக்கேள்வி கண்ணுக்குத் தெரியும் இடம் ஞாயிற்றுக்கிழமை. வார இறுதிப் போட்டிகள் பலவற்றில் சனிக்கிழமை ஆட்டங்களைக் கொண்டு அணிகள் வரிசைப்படுத்தப்பட்டு, ஞாயிறன்று தோற்ற அணி வெளியேறும் முறையில் ஆட்டங்கள் நடப்பதால், அன்று காலை எட்டு மணிக்குத் தம் மகன் களத்தில் நிற்பானா, நண்பகலுக்கு மேல்தான் நிற்பானா என்பது சனிக்கிழமை இரவுவரை பெற்றோருக்குத் தெரிவதில்லை. தேவாலயத்துக்குரிய உடையைக் காரின் பின்பக்கக் கொக்கியில் தொங்கவிட்டுக்கொண்டு வரும் குடும்பம் அதை எப்போது உடுத்தும் என்பதை, அணி தோற்கும் நேரமே தீர்மானிக்கிறது. தோல்வியை விரும்பாமல் வழிபாட்டை விரும்ப இயலாத இந்த நிலையை எந்த இறையியல் நூலும் முன்னறிந்து எழுதிவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பத்துக்கோ முதல் நாள் ஆட்டமே கூடாது.

இந்த மோதல் புதிதன்று. ஞாயிற்றுக்கிழமை வணிகத்தையும் கேளிக்கையையும் தடுத்த பழைய சட்டங்களின்படி அன்று தொழில்முறை பேஸ்பால் ஆடுவது பல மாநிலங்களில் குற்றமாக இருந்தது. நியூயார்க்கில் 1919-இலும், லிட்டில் லீக் 1939-இல் பிறக்கவிருந்த பென்சில்வேனியாவில் 1933-இலும்தான் தடை தளர்ந்தது. பின்னாளில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து நிறத்தடையை உடைத்த அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி ஞாயிறு ஆட்டங்களுக்குச் செல்லாதிருந்தார். ஆனால் அவருடைய அணி அன்றும் ஆடியது, வருவாயும் வந்தது. தனக்கு விலக்கியதைத் தன் நிறுவனத்துக்கு விலக்காத இந்த நேர்த்தியான பிளவை எள்ளி நகையாடுவது எளிது; எனினும் சட்டம் விலகிய பிறகு ஓய்வுநாள் தனிமனிதரின் விரதமாகச் சுருங்கிவிட்டதை அது துல்லியமாகக் காட்டுகிறது.

அத்தகைய விரதத்துக்குப் பெரிதும் அறியப்பட்ட சான்று சாண்டி கோஃபாக்ஸ். 1965 அக்டோபர் 6 அன்று உலகத் தொடரின் முதல் ஆட்டம் யோம் கிப்பூர் எனப்படும் பாவநிவிர்த்தி நாளில் அமைந்துவிட, டாட்ஜர்ஸ் அணியின் தலைசிறந்த பந்தெறிவீரரான அவர் ஆட மறுத்தார். அவருக்குப் பதில் எறிந்த டான் டிரைஸ்டேல் அன்று தோற்றார், பின்னர் ஏழாவது ஆட்டத்தில் கோஃபாக்ஸே எதிரணிக்கு ஓர் ஓட்டமும் விடாமல் தொடரை வென்று தந்தார். சமயக் குடும்பங்கள் இக்கதையைப் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்வதுண்டு, ஆனால் அதில் ஒரு வேறுபாடு கவனிக்கப்படுவதில்லை. கோஃபாக்ஸுக்கு அப்போது வயது 29. அவர் விட்டுக்கொடுத்தது தமக்குரியதை. பதினொரு வயதுச் சிறுவனின் நாள்காட்டியோ அவன் கேட்பதற்கு முன்பே நிரப்பப்பட்டிருக்கிறது. தேவாலயத்துக்கு அனுப்பினாலும் மைதானத்துக்கு அனுப்பினாலும் நிரப்பும் கை ஒன்றே.

‘பற்றின்றிச் செய்’ என்னும் கீதை நெறியைத் தமிழ் வாசகர் இங்கே எதிர்பார்க்கக்கூடும். ஆனால் அது வினை செய்பவனையும் பலனுக்கு ஆசைப்படுபவனையும் ஒருவனாகவே வைத்துப் பேசுகிறது. இங்கோ உழைப்பது ஒருவர், ஆசைப்படுவது பெரும்பாலும் இன்னொருவர் என்பதால், பற்றை விடவேண்டியவர் யார் என்பதிலேயே கேள்வி திரும்பிவிடுகிறது.

யூத இறையியலாளர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் 1951-இல் வெளியிட்ட தம் நூலில், ஓய்வுநாளை இடத்தில் அன்றிக் காலத்தில் எழும் கோயிலாக விளக்கினார். வேலைக்குத் திரும்பும் வலிமையைப் பெறுவதற்காக ஓய்வு என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை மறுத்து, வேலைநாள்களே ஓய்வுநாளுக்காக இருப்பவை என்றார். டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹய்ஸிங்கா 1938-இல் விளையாட்டைப் பற்றிச் சொன்னதும் இதற்கு நெருங்கிய உறவுடையது: அன்றாட வாழ்விலிருந்து எல்லைகட்டிப் பிரிக்கப்பட்ட, பயன் கருதாத செயலே அவருக்கு விளையாட்டு, வழிபாட்டுச் சடங்கையும் அவர் அதன் இனத்திலேயே சேர்த்தார். அவ்வாறாயின் தேவாலயத்துக்கும் மைதானத்துக்கும் உண்மையான பகையே இல்லை. இரண்டையும் ஒருசேர விழுங்குவது ஆயத்தம்தான். சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்கும், இவ்வாண்டு அடுத்த ஆண்டுக்கும், அதுவும் பள்ளி அணிக்கும், பள்ளி அணி கல்லூரி உதவித்தொகைக்கும் ஏணிப்படியாகிவிட்ட பிறகு, தனக்காகவே நிற்கும் நாள் எதுவும் மிஞ்சுவதில்லை.

அரிஸ்டாட்டிலையும் இங்கே எளிதில் தள்ளிவிட முடியாது. சிறுவர்க்கு இளமையில் கடும் பயிற்சி கூடாதென்று ‘அரசியல்’ நூலில் வாதிடும் அவர், ஒலிம்பிக்கில் சிறுவராக வென்று ஆடவராகவும் வென்றவர் இரண்டு மூன்று பேரே என்று வெற்றியாளர் பட்டியலைச் சான்றாக வைக்கிறார். அவருடைய ஐயம் இன்று பந்தெறியும் சிறுவரின் முழங்கையில் தெரிகிறது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. 66 எறிந்துவிட்டாலே நான்கு நாள் ஓய்வு வேண்டும். ஆண்டில் நான்கு மாதங்களேனும் எறிதலே கூடாது. இரண்டு அணிகளில் ஆடும் சிறுவனின் மொத்தக் கணக்கு எந்தப் பயிற்சியாளரிடமும் இருப்பதில்லை. மடக்கு நாற்காலியில் அமர்ந்து, பந்து கை நீங்குந்தோறும் விரலளவு எண்ணியை அழுத்திக்கொண்டிருக்கும் தந்தையோ தாயோதான் அதை அறிவார், 66-இல் எழுந்து சென்று நிறுத்தச் சொல்லவேண்டியவரும் அவரே.

ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டுமென்ற லேவியராகமத்தின் கட்டளையை இந்த நான்கு மாதம் நினைவூட்டுகிறது. ஆனால் முழங்கைக்குத் தரப்படும் ஓய்வு மறுபடி எறிவதற்கானது, ஹெஷலின் சொல்லில் அது இன்னும் வேலைநாளே. குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சிக் கூடங்கள் அந்த மாதங்களையும் மட்டைவீச்சுப் பாடங்களாக மணிக்கணக்கில் விற்கின்றன. எறியாத கை வீசலாம் என்பதால் வழிகாட்டுதலும் மீறப்படுவதில்லை, நாள்காட்டியில் கட்டமும் காலியாக இருப்பதில்லை.