ஐயக்காட்சியும் கவலையும்

உடம்பு நோயுறுதல் ஒன்று. நோயுற்றதோ என்று நெஞ்சு நோதல் பிறிதொன்று. முன்னையதற்கு மருந்துண்டு. பின்னையதற்கு மருந்து யாது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாம்.

திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரம் வட்டத்தைச் சார்ந்த மூலனூர், மழை குறைந்த வெப்ப நிலம். பருத்திக்கும் முருங்கைக்கும் பெயர்பெற்றது. அப்பகுதியில் வெயிலில் உழுவாரும் உளர். பனியன் தொழிற்சாலையில் நெடும்பொழுது அமர்ந்து தைப்பாரும் உளர். இத்தகையாருள் ஓர் ஆடவர் குருதிச் சோதனை செய்துகொள்ள, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4 என வந்ததாகக் கொள்வோம். ஆடவர்க்கு 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரை இயல்பெனச் சோதனைத்தாள்கள் பெரும்பாலும் காட்டுதலின், அச்சிறு மிகுதி அவருறக்கத்தைக் கவர்ந்துகொள்கின்றது. மருத்துவரோ, மூன்று திங்கள் கழித்து மீண்டும் பார்ப்போம் என்கின்றார். அம்மூன்று திங்களை அவர் எங்ஙனம் கழித்தல் வேண்டும்?

நம் அளவை நூலார், காட்சியென்பது ஐயமும் திரிபும் நீங்கியதாகல் வேண்டும் என வரையறுத்தனர். அந்திப்பொழுதில் நிற்பது குற்றியோ மகனோ என மயங்குதல் ஐயம். பழுதையைப் பாம்பெனத் துணிதல் திரிபு. ஒருமுறை கண்ட சோதனையெண் ஐயத்தின்பாற்படும். அதனை நோயென்றே துணிந்து நடுங்குங்கால் ஐயம் திரிபாய் முடிகின்றது.

கருதலளவையானும் இஃது விளங்கும். புகை நெருப்பானன்றி வாராமையின், புகை கண்டு நெருப்புண்டெனல் வழுவின்று. கிரியாட்டினின் அத்தன்மைத்தன்று. அது தசையினின்று தோன்றும் கழிவு. சிறுநீரகம் அதனை வடித்து வெளியேற்றும். வடித்தல் குறையின் அது குருதியில் மிகும் என்பது மெய்யே. ஆயினும், நீர் பருகாது வெயிலில் உழைத்தலானும், புலால் மிக உண்டலானும், தசை பெருத்தலானும், சில மருந்துகளானும் அது மிகலாம். ஏது பலவழிச் செல்லுமிடத்து ஒன்றையே துணிதல் ஏதுப்போலியாம். இதுபற்றியே மருத்துவ நூலார், ஈஜிஎஃப்ஆர் எனப்படும் வடித்தலளவு 60க்குக் கீழாதலோ, சிறுநீரில் ஆல்புமின் ஒழுகல் முதலிய பழுதின் குறிகளோ மூன்று திங்களுக்கு மேல் நிலைத்தவழியே நாட்பட்ட சிறுநீரக நோய் என்பர். 60 முதல் 89 வரை உள்ளது, வேறு குறியில்லாதவழி, அப்பெயர் பெறாது. ஆகவே அம்மூன்று திங்கள் வறிதே காலங்கடத்தல் அன்று. ஐயம் நீங்குதற்குரிய கருவியே என்க.

அற்றேல், வருவது பிராரத்தமாயின் தப்பாது வருமன்றே. சோதனையும் மருந்தும் எற்றுக்கு எனின், கூறுதும். ஆளுடைய பிள்ளையார் இக்கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருந்த காலை, குளிர்சுரம் அடியார்களைப் பற்றியது. அதனை உடனிருந்தார் விண்ணப்பித்தனர்; இந்நிலத்தின் இயல்பெனினும் நமக்கு எய்தப்பெறா என்றனர் பிள்ளையார். பிள்ளையார் இயல்பென்றோ வினையென்றோ வாளாவிருந்திலர். திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்து பிணி தீர்த்தருளினார் என்பது பெரியபுராணம். வினையெனச் சொல்லி உய்யும் வழி நாடாதிருத்தல் குறையென்பதே அப்பதிகத்தின் கருத்து. அன்றியும், பசிக்குச் சோறுண்பார் எவரும் வினைமேல் வைத்துச் சோற்றை விலக்குதலிலர். மருந்தொன்றையே விலக்குதல் என்னை? வினைப்பயன் வரும் வாயில்களுள் மருத்துவனும் அடங்குவன்.

இனி, கவலையே காவலாகாதோ, கவலையற்றான் வாளாவிருந்து கெடுவானன்றோ என்பாரும் உளர். ஓம்பல் வேறு, கவலை வேறு. ஓம்பல் ஒரு செயலை நோக்கி எழும். அச்செயல் முடிந்தவழி அடங்கும். நீர் பருகுதல், குருதியழுத்தமும் சர்க்கரையும் அளந்து காத்தல், உப்பைக் குறைத்தல், குறித்த நாளில் மறுசோதனை செய்தல் என்பன ஓம்பல். கவலைக்கோ செய்தற்குரிய செயல் இல்லை. ஆதலின் அடங்குமிடமும் இல்லை. அது சிலரைச் சோதனைத்தாளை ஒளிக்கச் செய்யும். சிலரை யாரோ கூறிய பொடியை நாடச் செய்யும். மருத்துவரைக் கேளாது விழுங்கும் வலிமாத்திரையே சிறுநீரகத்திற்குப் பகையாதல் கூடும். காவல் என்று நினைந்தது கேடாய் முடிதல் காண்க. சர்க்கரை நோய், குருதியழுத்தம், கால்வீக்கம், சிறுநீர் குறைதல் என்னும் இவையுடையார் மூன்று திங்கள் காத்திராது விரைந்து மருத்துவரைக் காண்டலே ஓம்பலாம்.

கவலையை விடுக என ஏவினால் அது போகாது என்பதும் உண்மையே. திருவதிகையில் சூலையால் வருந்திய நாவுக்கரசர் ஆற்றாமையை வாய்விட்டே முறையிட்டனர். தமக்கையார் திலகவதியார் அவரை இகழ்ந்திலர். திருநீறளித்து உடன்கொண்டு சென்றனர். ஆதலின் அஞ்சுவோரை அன்பிலார் எனப் பழித்தல் நம் நெறியன்று. உடம்பை யானென்றும் எனதென்றும் பற்றும் மலவாசனை உள்ளளவும் அச்சம் தோன்றும்; தோன்றியதை இறைவன்பால் முறையிட்டு, செயலைத் தன் கையிற்கொண்டு, பயனை அவன்பால் விடுதலே செயற்பாலது.

மற்றொன்றும் உண்டு. ஒருநாள் கூலி இழப்பின் அடுப்பெரியாத வீட்டாரிடம், கவலற்க என்று சொல்லி அமைதல் எளிது. குடிநீரும் இடைவேளையும் மறுக்கப்படும் தொழிலாளிக்கு அச்சொல் என்ன செய்யும்? சோதனைக்கு உடன்செல்வதும், செலவிற் பங்குகொள்வதும், வேலையிடத்தில் நீர் பருகவும் ஒதுங்கவும் பொழுது அளிப்பதும் கவலற்க என்பார்க்குரிய கடமைகள். மாகேசுர பூசையில் அடியார்க்கு அமுதளிக்கும் நாம், அவர்தம் உடம்பு தளருங்காலும் அருகிருத்தல் வேண்டும். அங்ஙனம் அருகிருப்பார் ஒருவர் உளராயின், அம்மூன்று திங்களும் கழிதல் அரிதன்று.